போத்தலின் வாயும் புறக்காற்றும்: பழ ஈ வளர்ப்பில் மூடித் தேர்வு பற்றிய சில குறிப்புகள்

தமிழில் அறிவியல் பற்றி நிகழ்ந்த விவாதங்களை ஒருங்கு நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் சொல்லைப் பற்றியனவாகவே அமைந்திருக்கக் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலாக, 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் வரை, எச்சொல்லை ஆள்வது, வடசொல்லை ஏற்பதா தவிர்ப்பதா என்பனவே முதன்மை பெற்றன. அவ்விவாதங்களின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 'நிறமூர்த்தம்', 'விகாரம்', 'குடம்பி' என்னும் சொற்கள் இன்று மாணவர் நாவில் இயல்பாகப் புழங்குவதற்கு அவையே காரணமாயின. ஆயினும் அச்சொற்கள் குறிக்கும் பொருள்களை மாணவன் தன் கையாற் கையாளுவதற்கு என்ன வேண்டும், அதற்கு வேண்டிய பொருள் எங்கே கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுந்துள்ளன. அவ்வகையான ஒரு சிறு பொருளை, பழ ஈ வளர்க்கும் போத்தலின் மூடியை, இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். இலக்கிய ஆய்வு செய்வோர் ஈயின் போத்தலுள் தலையிடுவதேன் என்று சிலர் வினவக்கூடும். படைப்பை அதன் உற்பத்திச் சூழலில் வைத்து நோக்க வேண்டும் என்று கூறும் நாம், அறிவின் உற்பத்தியையும் அவ்வாறே நோக்குதல் முறையாகும்.

முதற்கண் ஒரு பெயர் மயக்கத்தை நீக்க வேண்டியுள்ளது. தமிழில் 'பழ ஈ' என்ற ஒரே பெயரால் இருவேறு குடும்பத்துப் பூச்சிகள் சுட்டப்படுகின்றன. மாங்காயிலும் கொய்யாவிலும் துளையிட்டு முட்டையிட்டுப் பழத்தை அழிப்பது பக்ரோசெரா இனத்து ஈ. அது பயிர்ப்பகை. 2003 இல் கென்யாவிற் கண்டறியப்பட்டு ஆபிரிக்கா எங்கும் பரவிய அவ்வினம் இலங்கையிலிருந்து சென்றதெனக் கருதப்பட்டு, 2005 இல் 'படையெடுப்பது' என்ற பொருளில் புதுப்பெயரும் பெற்றது; பின்னர் 2015 இல் அது பழைய கீழைத்தேயப் பழ ஈயே என முடிவு செய்யப்பட்டது. இந்த ஈயை எவரும் வீட்டில் வளர்க்கலாகாது. நாம் பேசுவது துரோசோபிலா என்னும் சிற்றீயைப் பற்றியது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமும் பெரும்பாலும் செந்நிறக் கண்ணும் உடைய இது, கனிந்து புளிக்கத் தொடங்கிய வாழைப்பழத்தையும் கித்துட் கள்ளின் முட்டியையும் நாடி வருவது. நல்ல பழத்தைத் துளைக்கும் ஆற்றல் இதற்கில்லை. பழத்தின் மீது வளரும் மதுவமே இதன் உணவாகும்.

இச்சிற்றீ பிறப்புரிமையியலின் வரலாற்றில் பெற்ற இடம் பலரும் அறிந்ததே. நியூ யோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், பதினாறடிக்கு இருபத்துமூன்றடி அளவான ஓரறையில், தோமஸ் ஹன்ட் மோர்கன் 1910 இல் வெண்கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டார். அவ்வீயின் பரம்பரையை ஆராய்ந்தபோது, இயல்பொன்று குறித்த ஒரு நிறமூர்த்தத்துடன் பிணைந்து செல்வது தெளிவாயிற்று. அவருடைய மாணவர் ஸ்டேர்ட்டெவன்ட் 1913 இல் முதலாவது பரம்பரையலகு வரைபடத்தை வெளியிட்டார். மோர்கனுக்கு 1933 இல் நோபெல் பரிசு கிட்டியது. பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. அவ்வறையில் ஈக்கள் வாழ்ந்த வீடுகள் அரைப்பைந்து பாற்போத்தல்கள் என்பதையும், அவற்றின் வாயை அடைத்தது வெறும் பஞ்சு என்பதையும் அவை கூறுவதில்லை. அப்போத்தல்களைக் கழுவியவர், உணவு காய்ச்சியவர், பஞ்சு உருட்டியவர் ஆகியோர் பெயர்கள் வரைபடத்தில் இல்லை. 1934 இல் பிரிட்ஜஸும் டெமெரெக்கும் தொடங்கிய துரோசோபிலாச் செய்தி மடல் ஆய்வாளரிடையே இலவசமாகச் சுற்றியது. ஈக்களின் பட்டியலோடு வளர்ப்பு நுட்பங்கள் பற்றிய சிறு குறிப்புகளையும் அது தாங்கி வந்தது. ஈயையும் நுட்பத்தையும் விலையின்றிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை அறிவியல் வரலாற்றாசிரியர் ரொபேட் கோலர் 1994 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இன்று மேலைநாட்டில் தவளையும் மீனும் வளர்க்கும் பொழுதுபோக்காளருக்கென, காற்றுத்துணி ஒட்டிய மூடியும் கிண்ணமும் பொதியாக விற்பனையாகின்றன. பொதுவுடைமையாயிருந்த ஒரு நுட்பம் பண்டமாகிய கதை அது. நமக்கு அதில் வியப்பேதுமில்லை.

மூடியின் பணி யாது? காற்று உட்செல்லவும் ஈ வெளியேறாதிருக்கவும் வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது அரை விடையே. போத்தலினுள் நிகழ்வதை அறிந்தாலன்றி மூடியைத் தெரிய முடியாது.

போத்தலின் அடியில் பிசைந்த வாழைப்பழமோ, சோளமாவும் பாணியும் சேர்த்துக் காய்ச்சிய களியோ ஐந்திலொரு பங்கு உயரத்திற்கு இருக்கும். அதன்மேல் மதுவம் வளர்கிறது. மதுவம் வெல்லத்தை உடைத்து மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. ஈக்கு மதுசாரம் அவ்வளவு தீங்கன்று. அதனைச் செரிக்கும் நொதியம் அதனிடம் உண்டு. காபனீரொட்சைட்டு அவ்வாறன்று. ஆய்வுகூடங்களில் ஈக்களை மயக்கிக் கிடத்தி எண்ணுவதற்குப் பயன்படும் வாயுவே அது. காற்றிலும் பாரமான அவ்வாயு, இறுக மூடிய போத்தலில் உணவின் மேற்பரப்பை ஒட்டித் தேங்குகிறது. எனவே துளையற்ற மூடியிட்ட போத்தலில் ஈக்கள் சரிந்து கிடப்பின், ஒட்சிசன் குறைந்ததோடு, தம் உணவு விட்ட மூச்சினால் அவை மயங்கியதும் காரணம் என்க. உட்காற்றை வெளியே விடுவதும் மூடியின் தொழில் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்தது ஈரம். 25 பாகை செல்சியசில் முட்டை ஒரு நாளிற் பொரிக்கும். குடம்பி நாலைந்து நாள் உணவினுள் உழுது திரியும். பின்னர் உணவை விட்டு மேலேறிக் கண்ணாடிச் சுவரிலோ உள்ளே செருகிய காகித மடிப்பிலோ கூட்டுப்புழுவாகும். பத்தாம் நாள் அளவில் நிறைவுடலி வெளிவரும். மேலேறும் குடம்பிக்கு உலர்ந்த இடம் வேண்டும். சுவரில் நீர் வழிந்தால் கூட்டுப்புழுக்கள் உணவுச் சேற்றில் விழுந்து அழியும். புதிதாய் வெளிவந்த ஈயின் இறகு விரியுமுன்னரே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மறுபுறம், ஈரம் மிக விரைவில் வெளியேறினால் உணவு சுருங்கிச் சுவரை விட்டு விலகும்; குடம்பிகள் வறண்டு மடியும். மூடி என்பது இவ்விரு அழிவுகளுக்கும் இடைப்பட்ட ஒரு வாயில்.

இவ்விடத்தே அந்நிய கைந்நூல்களைக் கண்டியிற் பின்பற்றுவோர் இடர்ப்படுகின்றனர். அந்நூல்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் சூடேற்றப்பட்டு உலர்ந்த அறைக் காற்றை மனங்கொண்டு எழுதப்பட்டவை. அங்கு உணவு காய்ந்து போவதே அச்சம். ஆதலின் சிறிய துளையும் தடித்த அடைப்பும் பரிந்துரைக்கப்படுகின்றன. கண்டி நகரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துள் அமைந்தது. அதன் சராசரி வெப்பநிலை 24, 25 பாகையை ஒட்டியது. ஆய்வுகூடங்கள் பெரும் பணச் செலவில் பெட்டிகளுட் பேணும் வெப்பநிலையை இயற்கை இங்கு இலவசமாகவே வழங்கியிருக்கிறது எனலாம். ஆனால் அவ்விலவசத்தோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மாதத்து இடைப்பருவ மழையும் காற்றை நனைத்து வைக்கின்றன. பகலில் 28, 29 பாகை வரை ஏறி இரவில் 20 பாகையை அண்மி இறங்கும்போது, போத்தலுள் நிறைந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியிற் பனியாகப் படிகிறது. கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலியை ஒட்டிய வீடுகளில் இது மேலும் மிகுதி. கைந்நூலின் மூடி கைந்நூலின் காற்றுக்கு உரியது. நமது காற்றுக்குரிய மூடியை நமது காற்றைப் படித்தே தெரிதல் வேண்டும்.

வீடுகளிற் கிடைக்கும் பொருள்களை இனி நோக்குவோம்.

யாவரும் முதலிற் செய்வது, ஜாம் போத்தலின் தகர மூடியில் ஆணியால் துளையிடுவது. இதனை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. ஈயின் நீளம் 3 மில்லிமீற்றராயினும் அதன் உடலின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே. இரண்டு மில்லிமீற்றர் ஆணித் துளை அதற்குத் தெருவாசல். குண்டூசியால் துளையிட்டாலோ ஈ தங்கும், ஆனால் ஆவி வெளியேறாது. துளையில் ஒரு நீர்த்துளி நின்றாலே அது அடைபடும். ஐம்பது துளையிட்டாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. தகரம் துருப்பிடிப்பது வேறு.

துணியை வாயிற் பரப்பி இறப்பர் வளையத்தால் இறுக்குவது இதனிலும் மேலானது. எத்துணி என்பதே வினா. மருந்துக்கடையில் விற்கும் கட்டுத்துணி ஒற்றை மடிப்பில் ஈயை விட்டுவிடும். வெளியிலுள்ள சிற்றீக்களையும் உள்ளே வரவேற்கும். பலமுறை தோய்த்து மென்மையான பழைய வேட்டித் துண்டு அல்லது வொயில் சேலைத் துண்டு நெருங்கிய நெசவுடையது. ஈ புகாது, காற்றுப் புகும். அதன் குறை நனைதலில் வெளிப்படும். பருத்தி இழை நீரை உறிஞ்சிப் பருக்கிறது, இழைகளின் இடைவெளியில் நீர்ப்படலம் நிற்கிறது, காற்றோட்டம் நின்றுவிடுகிறது. உலர்ந்த துணியை ஊதிப் பார்த்து நல்லதென்று முடிவு செய்தோர் மூன்றாம் நாள் ஏமாறுவது இதனாலேயே. நைலோன் காலுறைத் துண்டு நீரை உறிஞ்சாது என்பது மெய். ஆயினும் இழுத்துக் கட்டும்போது அதன் கண்கள் எவ்வளவு விரியும் என்பது கட்டுபவர் கையைப் பொறுத்தது. இறப்பர் வளையமும் நம் காற்றில் விரைவில் இற்றுப்போகும். உலகுக்கு இறப்பர் அனுப்பிய நாட்டில் ஒரு நல்ல வளையம் கிடைப்பது அரிதாயிருப்பதும் ஒரு பொருளாதாரப் பாடமே. நூலாற் கட்டுவது உறுதியானது.

பஞ்சடைப்புக்கு வருவோம். ஆய்வுகூடப் பஞ்சு நீரை உறிஞ்சாத வகை. மருந்துக்கடைப் பஞ்சு உறிஞ்சுவதற்கென்றே கொழுப்பு நீக்கி வெளுக்கப்பட்டது. பெயர் ஒன்றாயினும் இயல்பு நேர்மாறு. மருந்துக்கடைப் பஞ்சு ஒரு வாரத்தில் நனைந்து கனத்து, பங்கசு பிடித்துக் கரும்புள்ளி காட்டும். இதற்கு மாற்றாக நம்மிடம் உள்ளது இலவம்பஞ்சு. தலையணையும் மெத்தையும் அடைக்க மலைநாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இப்பஞ்சின் இழை உள்ளீடற்ற குழாய்; அதன் புறத்தே மெழுகுப் படலம் உண்டு. ஆதலின் நீர் அதனை எளிதில் நனைப்பதில்லை. நனையாத இழைகளின் இடையே காற்று எப்போதும் வழி காணும். தனித்து உருட்டினால் வழுக்கிச் சிதறும் இயல்புடையதாகையால் அதை மெல்லிய பருத்தித் துண்டில் முடிந்து அடைப்பாக்க வேண்டும். அடைப்பு இறுக்கமாயிருத்தல் அவசியம்: சிறு போத்தலொன்றை அடைப்பைப் பிடித்துத் தூக்கினால் போத்தலும் கூடவே எழ வேண்டும் என்பது நல்ல அளவுகோல். இலவம்பஞ்சின் தூசு மூக்கை உறுத்தும். தீயும் விரைவிற் பற்றும். அடுப்பருகே இவ்வேலை செய்தலாகாது.

மெத்தைக் கடையில் கழிவாக விழும் ஸ்பொஞ்சுத் துண்டும் நல்ல அடைப்பே. அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் வாயு ஊடுருவும். போத்தலின் வாயை விடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நசுக்கிச் செருக வேண்டும். கழுவி மீளவும் பயன்படுத்தலாம். பழைய ஸ்பொஞ்சு மஞ்சளித்துத் தூளாக உதிரும், அதனை விலக்குக.

இவ்வளவும் கூறிய பின் நமது தேர்வு யாதென்று சொல்ல வேண்டும். அகன்ற வாய்ப் போத்தலுக்கு அடைப்பு உருட்டுவது கடினம். ஒடுங்கிய வாய்ப் போத்தலில் உணவிடுவதும் கழுவுவதும் கடினம். ஆகவே அகன்ற வாய்ப் போத்தலையும் அதன் திருகு மூடியையுமே வைத்துக்கொண்டு, மூடியின் நடுவில் இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை வெட்டி, அத்துளையில் இலவம்பஞ்சு முடிச்சைச் செருகுவதே கண்டிக் காற்றுக்குப் பொருத்தமானது எனக் கருதுகிறோம். பிளாஸ்ரிக் மூடியாயின் வெட்டுதல் எளிது. தகரமாயின் விளிம்பைத் தட்டி மழுக்காவிடிற் கை கிழியும். இதன் இன்னொரு நன்மை, ஈக்களை ஒரு போத்தலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது முழு வாயையும் திறக்க வேண்டியதில்லை என்பது. முடிச்சை நீக்கி, இரு மூடிகளின் துளைகளையும் எதிரெதிரே பொருத்தி, கீழ்ப்போத்தலின் மேல் கருந்துணி போர்த்தினால் ஈக்கள் ஒளியையும் உயரத்தையும் நாடித் தாமே மேலேறும்.

எம்மூடியாயினும் அதனைச் சோதிக்கும் காலம் விடியற்காலை. சுவரின் மேற்பகுதியிற் பனி படிந்திருந்தால் மூடி போதிய அளவு திறந்ததன்று. முடிச்சைத் தளர்த்துக, அல்லது இரண்டாவது துளை வெட்டுக. பனி இல்லாது, உணவு சுவரை விட்டு விலகத் தொடங்கியிருந்தால் மூடி மிகத் திறந்தது. முடிச்சின் மேல் ஒரு காகிதத் துண்டைப் பாதியளவு மூடிவைத்தாற் போதும். பெப்ரவரி, மார்ச் மாதத்து வறட்சியிலும் நவம்பர் மழையிலும் ஒரே மூடி ஒரே விதமாக இயங்கும் என்று எதிர்பார்ப்பது இயங்கியல் அறியாதார் எதிர்பார்ப்பு.

மூடியால் மட்டும் தடுக்க இயலாத பகைகள் சிலவுள. முதலாவது சிற்றுண்ணி. ஒரு மில்லிமீற்றரிற் பாதிக்கும் குறைவான இவ்வுயிரிகள் துணி நெசவினூடே நடந்து செல்லும். ஈயின் உடலிற் பற்றிக்கொண்டும் பயணம் செய்யும். இறுகிய பஞ்சு முடிச்சு அவற்றைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி முற்றாகத் தடுக்காது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட போத்தலை வைத்திராமையே மெய்யான காப்பு. இரண்டாவது எறும்பு, நீர் நிறைந்த தட்டில் போத்தலை நிறுத்தினாற் போதும், ஆனால் அந்நீரில் சவர்க்காரம் சிறிது கரைத்தல் வேண்டும். டெங்கு நுளம்பு பெருகும் நாட்டில் தெளிந்த நீர்த்தட்டை வீட்டில் வைத்திருப்பது குற்றத்துக்கு நிகர். மூன்றாவது பகையைப் பலர் உணர்வதில்லை: நுளம்புச்சுருள். அதன் புகையிலுள்ள பைரெத்திரோயிட்டு நச்சு எந்தக் காற்று மூடியினூடும் செல்லும். இரவில் சுருள் கொளுத்திய அறையில் காலையில் ஈக்கள் கால்மடக்கிக் கிடந்தால் மூடியைக் குறைகூறிப் பயனில்லை. போத்தலை வேறறையில் வைக்க வேண்டும். ஓரறை வீடாயின் போத்தலை வெளியே திண்ணையில், வெயில்படாத மூலையில் வைக்க வேண்டும்.

ஓரறை வீடு என்றதும் நம் கவனம் இயல்பாகவே கண்டிக்கு மேலேயுள்ள மலைகளை நோக்கிச் செல்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. சராசரி வெப்பநிலை 16 பாகையளவே. 18 பாகையில் ஈயின் வாழ்க்கை வட்டம் பத்து நாளிலிருந்து இருபது நாளாக நீள்கிறது. நுவரெலியாவில் அதற்கும் மேல். அவ்வளவு காலமும் ஒரே உணவு பங்கசு பிடியாதும் காயாதும் நிலைக்க வேண்டும். ஆதலின் அங்கே மூடியின் துளை சிறுக்க வேண்டும். காய்ச்சிய உணவில் ஒரு கரண்டி வினாகிரி கூட வேண்டும். போத்தல் அடுக்களையின் வெதுவெதுப்பான மூலைக்குச் செல்ல வேண்டும். கண்டியின் மூடியை அறுபது எழுபது கிலோமீற்றர் தொலைவிலுள்ள லயத்தறைக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாதெனின், நியூ யோர்க்கின் மூடியை எங்ஙனம் கொண்டுவர முடியும்?

அம்மலைகளின் மாணவர் நிலை வேறு காரணத்தாலும் இங்கு பேசப்பட வேண்டியது. 1961 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து அவை படிப்படியாக அரச முறைமையுட் சேர்ந்தன. இப்பிற்படுத்தலின் விளைவாக மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கொண்டவை நெடுங்காலமாகச் சிலவாகவே இருந்து வந்துள்ளன. மூன்றுக்கு ஒன்று, ஒன்பதுக்கு மூன்றுக்கு மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதங்களை, எண்ணத்தக்க ஓர் உயிரியையேனும் கண்டிராத மாணவர் மனனஞ் செய்ய நேர்கிறது. எண்ணிப் பெறவேண்டியதை மனப்பாடத்தாற் பெறும்போது அது அறிவியலாக இல்லாமற் செய்யுளாகிவிடுகிறது. செய்யுளை நேசிக்கும் நாம் இதனைச் சொல்வதில் தவறில்லை.

ஆயினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. ஜே. பி. எஸ். ஹோல்டேன், பிரித்தானியப் பொதுவுடைமை இயக்கத்தில் நெடுங்காலம் பங்குகொண்ட உயிரியலறிஞர், 1957 இல் இந்தியாவிற் குடியேறினார். விலையுயர்ந்த கருவியின்றியே தரமான உயிரியல் ஆய்வு செய்யலாம் என அவர் வலியுறுத்தினார். பவழமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணுவதுகூட அவருடைய குழுவினரின் ஆய்வாயிற்று. இது நம்மை ஊக்குவிக்கும் முன்மாதிரியே. ஆனால் இதே கருத்து அதிகாரிகளின் வாயிற் புகும்போது வேறு பொருள் பெறுகிறது. வறிய மாணவன் தகரத்தையும் பஞ்சையும் கொண்டு சமாளித்துக்கொள்வான் என்பது, அவனுக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை என்ற முடிவுக்கு ஒரு கௌரவமான முகமூடி. கொழும்பின் பெரிய பாடசாலை மாணவனிடம் எவரும் இலவம்பஞ்சின் பெருமையைப் பேசுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்கள் அரிதாகி விலையேறியபோது இம்முகமூடி தேசப்பற்றின் நிறமும் பூசிக்கொண்டது. வீட்டு மூடி ஆய்வுகூடத்துக்கான உரிமையை ஈடுசெய்யாது. எண்ணிப் பழகிய மாணவனே தனக்கு என்ன மறுக்கப்பட்டது என்பதை அறிந்து கேட்பான் என்பதாலேயே நாம் அம்மூடியைப் பரிந்துரைக்கிறோம்.

ஈயைப் பயனற்றதென ஒதுக்கும் போக்கு வலதுசாரிகளிடம் மட்டும் இருந்ததில்லை. இதை முற்போக்காளர் மறைக்க வேண்டியதுமில்லை. 1922 இல் மோர்கனின் மாணவர் ஹேர்மன் முல்லர் மொஸ்கோவுக்குத் துரோசோபிலா ஈக்களைக் கொண்டுசென்றார். 1930களில் சோவியத் பிறப்புரிமையியல் உலகின் முன்னணியில் நின்றது. 1948 ஓகஸ்டில் லெனின் வேளாண்மை அறிவியற் கழகக் கூட்டத்தில் லிசென்கோவின் கொள்கை அரச கொள்கையாயிற்று. அடுத்த ஆண்டு சஞ்சிகையொன்று, ஈயை நேசிப்போர் மனிதரை வெறுப்போர் என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டது. ஆய்வுகூடங்களில் ஈக்கள் அழிக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1943 இல், வவிலோவ் சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். மக்களுக்கு உடனடிப் பயன் தராத அறிவு வர்க்க எதிரியின் அறிவு என்னும் இவ்வாய்பாட்டில் பொருள்முதல்வாதம் இல்லை. போத்தலுள் இருப்பதைப் பாராமலே அதைப் பற்றித் தீர்ப்பளிப்பது கருத்துமுதல்வாதத்தின் மிகப் பழைய வடிவமாகும்.

வீட்டில் அகப்படும் காட்டு ஈக்களைக் கொண்டு வெண்கண் பரிசோதனையைச் செய்ய இயலாது. விகார வகைகள் ஆய்வுகூடத்திலிருந்தே வர வேண்டும். ஆனால் வாழ்க்கை வட்டத்தையும் குடித்தொகைப் பெருக்கத்தையும் வெப்பத்தின் விளைவையும் கவனிக்க அவை போதும். மூடியையே பரிசோதனைப் பொருளாக்குவதும் கூடும். ஒரே அளவான ஐந்து போத்தல்களில் ஒரே பானையிற் காய்ச்சிய உணவை ஒரே உயரத்திற்கு இடுக. ஒவ்வொன்றிலும் ஐந்து ஆணும் ஐந்து பெண்ணும் விடுக. பெண்ணின் வயிறு கூர்ந்து வரியோடியிருக்கும், ஆணின் வயிற்று நுனி கறுத்து மழுங்கியிருக்கும். ஊசித் துளை மூடி, வேட்டித் துணி, மருந்துக்கடைப் பஞ்சு, இலவம்பஞ்சு, ஸ்பொஞ்சு என ஐந்தையும் தனித்தனியே பொருத்துக. ஏழாம் நாள் தாய் ஈக்களை அகற்றிவிடுக; இல்லையேல் தாயையும் மகளையும் சேர்த்து எண்ண நேரும். நாள்தோறும் விடியலில் பனியின் உயரத்தை அடிகோலால் அளந்து குறிக்க. பதினாறாம் நாள் போத்தல்களைக் குளிரூட்டியின் உறைபெட்டியில் ஓரிரவு வைத்து, பின் வெள்ளைக் காகிதத்திற் கொட்டி எண்ணுக. குளிரூட்டி இல்லாதவிடத்து மூடியின் துளையை அடைத்து மூடிய போத்தலைக் கொதிநீரில் நிறுத்தினாற் போதும். ஐந்து எண்களையும் ஐந்து பனி அளவுகளையும் பக்கத்துக்குப் பக்கம் எழுதி, வேறு ஊரிலுள்ள பாடசாலையொன்றுக்கு அனுப்புக. அங்கிருந்து வரும் ஐந்து எண்களும் இவற்றோடு ஒத்திரா. ஏன் ஒத்திரா என்பதை இரு வகுப்புகளும் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்.